இன்னொரு கிண்ணம்

“வாங்கக்கா, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்” என்று வாசலிலேயே என் கைப்பையை வாங்கிக்கொண்டாள் பரிமாறுகிற பெண் ஒருத்தி. கல்யாணமான நாளிலிருந்து எனக்காக யாரும் காத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வேறு யாரையாவது சொல்கிறாளோ என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். பின்னால் இவர்தான் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே என் முழங்கையை மெல்ல அழுத்தி, “என் பக்கத்துலயே உக்காரும்மா. மறந்துடாத” என்றார். இவர் வாயிலிருந்து ‘ம்மா’ வருகிறது என்றால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். தெரிந்திருந்தும் எனக்கு உள்ளே குளிரத்தான் செய்தது. என் புத்தியை என்னவென்று சொல்வது.

பெரிய ஹோட்டல் என்றதும் வெள்ளைத் துணி விரித்த மேசையும் விறைப்பான ஆட்களும் இருக்கும், எந்தக் கரண்டியை எடுப்பது என்று தெரியாமல் முழிக்கப்போகிறோம் என்று காலையிலிருந்தே எனக்குப் பயம். அப்படி ஒன்றும் இல்லை. வசதியான சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக் கூடம் மாதிரி இருந்தது. ஒன்றோடொன்று சேராத பழைய நாற்காலிகள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத மெத்தைகள், ஓரங்களில் சாயம் போன மரமேசை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவரே கிடையாது. அடுப்புக்கு முன்னால் நின்ற சமையல்காரர், தெரிந்தவர்களைப் பார்த்ததுபோல் அங்கிருந்தே கையை ஆட்டினார். புதுச் செருப்பு என் காலைக் கடிப்பதை அந்தப் பெண் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். “கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட இருங்கக்கா. இங்க யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க” என்று குனிந்து செருப்பை மேசைக்கு அடியில் தள்ளிவைத்தாள். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் இவருடைய முதலாளியும் முதலாளியம்மாவும் அதற்கு முன்பே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். அதனால் உடனே சிரித்துவிட்டார்.

அங்கே நமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குகிற வேலை இல்லை. சமையல்காரர் தன் மனசுக்குத் தோன்றியதைச் சின்னச் சின்னத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருப்பார். ஒவ்வொன்றும் இரண்டு வாய், மிஞ்சினால் மூன்று வாய். அதில் ஒரு விளையாட்டும் உண்டு. என்ன கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டவர்கள் இதுவா அதுவா என்று பேசிச் சிரித்து முடித்த பிறகு சமையல்காரரே கையைத் துடைத்துக்கொண்டு வந்து, உள்ளே என்னென்ன போட்டேன் என்று சொல்லுவார். முதலாளிக்கு இந்த விளையாட்டில் அப்படி ஒரு ஆசை, மாதம் தவறாமல் வருகிறவராம். “இன்னைக்கு நான் வாயே திறக்க மாட்டேன். தங்க நாக்கைக் கூட்டிட்டு வந்திருக்கேன்ல” என்று இவர் தோளில் தட்டினார். 

தங்க நாக்கு என்பது தொழிற்சாலையில் இவருக்கு வைத்த பெயர். பழச்சாறு, ஜாம், சாஸ் என்று போடுகிற கம்பெனி. எந்தச் சரக்கும் இவர் நாக்கில் பட்டு, இவர் தலையாட்டின பிறகுதான் பாட்டிலுக்குள் போகும். ஒரு கரண்டி ஜாமை வாயில் வைத்து, பழம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, பறித்து எத்தனை நாள் ஆனது என்றெல்லாம் சொல்லுவார். ஒவ்வொரு ருசிக்கும் நடுவில் வெந்நீரால் வாயைக் கொப்பளித்துக்கொள்வார், முன்னால் பார்த்த ருசி நாக்கில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று. அந்த வெந்நீரைத் தினமும் காலையில் ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பது நான்.

அப்பேர்ப்பட்ட நாக்கோடு குடும்பம் நடத்துவது என்றால் சும்மா இல்லை. கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து என் சமையலுக்கு மார்க் போட ஆரம்பித்தார். முதல் வாயைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். நான் கரண்டியோடு நிற்பேன். “பத்துக்கு மூணு” என்பார். சில நாள் நான்கு. மூன்றுக்கும் நான்குக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. விருந்தாளிகள் வந்தால் இன்னும் உற்சாகம், அவர்கள் முன்னாலும் மார்க்தான். மகள் சின்னவளாக இருந்தபோது அவளும் சேர்ந்துகொண்டு “அம்மா இன்னைக்கு ஃபெயில்” என்று கைதட்டுவாள். நானும் சிரித்துவைப்பேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பேன்.

போன மழைக்காலத்தில் இவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வாரம் ஒன்று படுத்துக் கிடந்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு ஒருநாள் காலை, இவர் அடுப்படி மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பால் தீய்ந்த வாசனை எனக்கு அங்கேயே வந்துவிட்டது. ஓடிவந்து பார்த்தால் பாத்திரம் கரியாகி வீடெல்லாம் புகை. இவர் மூக்குக்கு நேராக அடுப்பு. இவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் இவரைப் பார்த்தேன், இவர் புகையைப் பார்த்தார். உப்பு தெரியும், இனிப்பு தெரியும், புளிப்பும் கசப்பும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது, வாசனை என்பதே போய்விட்டது என்று அன்றைக்குத்தான் சொன்னார். அது திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். “வெளிய தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுதும்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் ‘ம்மா’ அதுதான்.

அப்புறம் சின்னச் சின்ன பாட்டில்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. நான் ருசி பார்த்துச் சொல்லுவேன், இவர் அதைத் தன் பாஷையில் மாற்றி மறுநாள் ஆபீசில் சொல்லுவார். என் நாக்கு ஒன்றும் அதிசயமான நாக்கு இல்லை. எல்லாருக்கும் இருக்கிற நாக்குதான். ஆனால் இவர் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் விழுங்கும்வரைக்கும் மூச்சுவிட மாட்டார். மார்க் போடுவது நின்றுபோயிற்று. என்ன சமைத்து வைத்தாலும் “நல்லா இருக்கும்மா” என்பார். எதுவும் தெரியாமல்தான் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்தக் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல காலம் அதுதான்.

இப்போது கம்பெனி வேறு ஊரில் புதுத் தொழிற்சாலை திறக்கிறது. அங்கே ருசி பார்க்கிற பிரிவு முழுவதையும் இவரிடம் ஒப்படைக்கலாமா என்று முதலாளி யோசிக்கிறார். அதற்காகத்தான் இந்தச் சாப்பாடு. வேலையோடு வீடும் கொடுப்பார்களாம். அந்த வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்றுகூட நான் யோசித்து வைத்திருந்தேன். “இன்னைக்கு மட்டும் சமாளிச்சிட்டா போதும்மா” என்று ஒத்திகை பார்த்துத்தான் கூட்டிவந்தார். நான் ஏதோ சந்தேகம் கேட்பதுபோல் இவர் காதருகே குனிந்து சொல்ல வேண்டும். இவர் என் அசட்டுத்தனத்துக்குச் சிரிப்பதுபோல் சிரித்துவிட்டு, சத்தமாக மேசைக்குச் சொல்லுவார்.

முதலில் பொத்தான் அளவுக்கு ஒரு ரொட்டித் துண்டு வந்தது, மேலே வெண்ணெய். வாயில் போட்டேன். புகை வாசனை, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். குனிந்து சொன்னேன். இவர் சிரித்தார். “இவ என்னமோ கருகிப்போச்சான்னு கேக்கறா. கருகல் இல்லம்மா அது. வெண்ணெயைப் புகையில வாட்டியிருக்காங்க. ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்டிருக்காங்க, சதை படாம தோல் மட்டும்” என்றார். சமையல்காரர் வந்து, “அப்படியே சொல்லிட்டீங்க சார்” என்று இரண்டு கையையும் கூப்பினார். முதலாளியம்மா கைதட்டினாள். அடுத்து வெள்ளரிக்காய்க் கூழ், சில்லென்று. அதில் பச்சை ஆப்பிளும் இருக்கிறது என்றேன். இவர் அதை எடுத்துக்கொண்டு ஒரு பிரசங்கமே செய்தார். அதற்கடுத்து மீன். ஒவ்வொரு தட்டுக்கும் என் வாய் இவர் காதுக்குப் போய்வந்தது. இவரும் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்.

நாலைந்து தட்டு ஆனதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடமும் அப்படி. யாரும் அவசரப்படுத்துவதில்லை, யாரும் முறைப்பதில்லை, தண்ணீர் கேட்கும் முன்பே வருகிறது. எவனுக்கும் நாக்கு நீளத்தான் செய்யும். 

“சார், வீட்ல இவ சமையலுக்கு நான் மார்க் போடுவேன், தெரியுமா” என்று ஆரம்பித்தார். “இத்தனை வருஷத்துல அதிகபட்சம் அஞ்சு. அதுவும் அன்னைக்கு எனக்குப் பசி.”

முதலாளியம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போலச் சிரித்துவைத்தேன். ஒத்திகையில் இது இல்லை. இவர் நிறுத்தவில்லை. “ஒருநாள் இவ வெச்ச சூப்பைத் தெருநாய்க்கு ஊத்தினேன். அது என்னைப் பாத்துச்சு, கிண்ணத்தைப் பாத்துச்சு, கம்முனு எந்திரிச்சுப் போயிடுச்சு.” முதலாளி உதட்டை மட்டும் அசைத்தார். பரிமாறுகிற பெண் என் தட்டை எடுக்கும்போது, “உங்களுக்கு மீன் இன்னொரு துண்டு கொண்டு வரட்டாக்கா” என்று தணிந்த குரலில் கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் முதலாளியம்மா கேட்டாள் என்று நினைக்கிறேன். பாவம், நல்ல மனுஷி. “அப்ப நீங்க இங்கயே தனியா இருந்துடுவீங்களாம்மா? பயமா இருக்காதா?”

“எங்க?” என்றேன்.

“இல்ல, புது ஊருக்கு இவர் மட்டும் போறதா சொன்னாரே. குடும்பத்துக்குன்னு பெரிய வீடு பாத்து வெச்சிருந்தோம். வேண்டாம், எனக்கு ஒரு ரூம் போதும், அவ இங்கேயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு.”

இவர் தண்ணீர் குடிக்கிற மாதிரி டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். முதலாளி அதற்குள் பெருமையாகச் சொன்னார்: “அதோட ஒரு அசிஸ்டென்ட் வேற கேட்டாரு. லேப்ல புதுசா சேந்த பொண்ணு, நல்ல நாக்காம். முதல்ல அவ ருசி பாத்து இவர்கிட்ட சொல்லணுமாம், அப்புறம்தான் இவர் பாப்பாராம். இனிமே இவர் பாடு நிம்மதி.”

ஆக எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார். என் நாக்கு வேண்டியது இன்றைக்கு ஒரு பொழுதுக்கு. நாளைக்கு வேறு நாக்கு. ஜன்னல் திரை ஞாபகம் வந்து எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். “அப்புறம் பேசிக்கலாம்மா” என்று மேசைக்கு அடியில் என் கையைத் தேடினார். நான் கையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். இங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கேட்டால் இவர் என்ன செய்வார் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும்வரை சிரிப்பார்.

அப்போது பரிமாறுகிற பெண் வந்தாள். கைப்பிடி இல்லாத நான்கு சின்னக் கிண்ணங்களை எங்கள் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். உள்ளே கறுப்பு மெருகு பூசின மண் கிண்ணம். ஆவி வந்தது. முதலாளியும் முதலாளியம்மாவும் பேசிக்கொண்டே ஒரே மடக்கில் குடித்துக் கீழே வைத்தார்கள். இவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். நான் ஒரு வாய் குடித்தேன்.

வெந்நீர். வேறு ஒன்றுமே இல்லை. இனிப்புத் தட்டு வருவதற்கு முன்னால் மீன் ருசி நாக்கை விட்டுப் போக வேண்டும் அல்லவா, அதற்கு. இத்தனை வருஷம் நான் தினமும் ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்ததே அதுதான். இவருக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். ஆனால் இவர் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தைத் தூக்கி, சொல்லு என்றார்.

ஒரே ஒரு வார்த்தைதான். வெந்நீருங்க என்று சொன்னால் முடிந்தது. இவர் அதையும் சிரித்துக்கொண்டே தன் பாஷையில் சொல்லியிருப்பார், முதலாளி இவர் தோளில் இன்னும் ஒரு தட்டு தட்டியிருப்பார். நான் இன்னொரு வாய் குடித்தேன். நிதானமாக விழுங்கினேன். குனிந்து, இவர் காதில் முடி நரைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “சோம்பு. ரொம்ப லேசா. அடியில ஏதோ பூ வாசனை.”

இவர் கிண்ணத்தை உறிஞ்சினார். கண்ணை மூடினார். “இவ வெறும் சுடுதண்ணியான்னு கேக்கறா சார்” என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். 

எனக்கு ஒருகணம் தூக்கிவாரிப்போட்டது. இவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி என்னை மட்டம்தட்டுகிறார், அவ்வளவுதான். அதிலும் சரியான விடையைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டு, நான் கொடுத்த பொய்யைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். “சோம்பும்மா இது. வறுக்காத பச்சைச் சோம்பு. பொடி பண்ணாம, முழுசாப் போட்டு, கொதிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. அதுக்குள்ள ஒரு பூவை ஒளிச்சு வெச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் கெட்டிக்காரத்தனம். மல்லிகை. மலர்ந்த பூ இல்ல, மொட்டு.”

முதலாளியம்மா, “இல்லையே, இது வந்து…” என்று தொடங்கினாள். முதலாளி அவள் மணிக்கட்டின்மேல் கையை வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்த சமையல்காரர் கடைசிப் பகுதியைக் கேட்டிருக்க வேண்டும். காலியான கிண்ணங்களைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மற்றத் தட்டுகளுக்குக் கூப்பினது மாதிரியே இரண்டு கையையும் கூப்பினார். “கண்டுபிடிக்கவே முடியாதுன்னு நினைச்சேன் சார்” என்றார். அந்தக் கடையில் வந்தவர்கள் மனசு நோகும்படி யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

முதலாளி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடுகிற மனுஷர் இல்லை அவர். எவ்வளவு கோபம் வந்தாலும் குரல் தணிந்துதான் போகும் என்று இவரே சொல்லியிருக்கிறார். தணிந்த குரலில் கேட்டார், “நீங்க என்ன சொல்றீங்கம்மா? மல்லிகையா?”

“எனக்கு என்னங்கய்யா தெரியும்” என்றேன். “இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முதலாளி மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். என் வாய் இவர் காதுக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையையும் அவர் திரும்ப நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. புது ஊரும் இல்லை, இப்போது பார்க்கிற வேலையும் இருக்காது. இவர் சம்பளத்தில்தான் நானும் சாப்பிடுகிறேன், மகளும் படிக்கிறாள். தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். 

இனிப்பு வந்தது. வேகவைத்த பேரிக்காய், மேலே உறைந்த பாலேடு. எனக்கு நல்ல பசி எடுத்தது. முதல் வாயிலேயே தேன், மிளகு, இன்னும் ஏதோ ஒரு கொட்டையின் வாசனை என்று எல்லாம் தனித்தனியாக வந்து நாக்கில் நின்றன. இவர் என் பக்கம் காதைச் சாய்த்தார். நான் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். “ஒண்ணும் தெரியலீங்க” என்று வாய் நிறைய வைத்துக்கொண்டே சொன்னேன். இவர் திகைத்துப்போய், “நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு” என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். இந்தத் தடவை என்ன போட்டிருக்கிறது என்று முதலாளி கேட்கவே இல்லை.

அதற்குப் பதிலாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். “சாருக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. அந்த மல்லிகை. இன்னொரு கிண்ணம் கொண்டு வா.”

அவள் ஒருகணம்தான் நின்றாள். “இதோ சார்” என்று அதே சிரிப்போடு போய், அதே மாதிரிக் கிண்ணத்தில், ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தாள். முதலாளியம்மா மடியிலிருந்த கைத்துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது. இவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்து, முகமெல்லாம் பல்லாக, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி முகத்தருகே கொண்டுபோனார். மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து கண் தெரியாமல் போயிற்று. துடைக்கவில்லை. அவசரப்படாமல், உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார்.

“எவ்வளவு மார்க் போடுவீங்க?” என்று கேட்டார் முதலாளி.

“யோசிக்கவே வேண்டாம் சார். பத்துக்குப் பத்து.”

கடைசி வாயை மிச்சம் வைத்து, கிண்ணத்தை மேசைமேல் என் பக்கமாக நகர்த்தினார். “இந்தா, நீயும் குடிச்சுப் பாரு. ருசின்னா என்னன்னு தெரிஞ்சுக்கோ.”

வெள்ளைப் படலம் போட்ட இரண்டு கண்ணாடி வட்டங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேரிக்காய்த் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்து மிச்சத்தைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.